சப்மிஷன் கிழமைக் கறி

அந்தக் கதிரையில இருக்காதேங்கோ பேர்ள் அன்ரி, கட்டட மொடல் ஒட்டின பசை பட்டிருக்கு, உடுப்பில பிடிச்சாப் போகாது. இஞ்சால இருங்கோ. அம்மா பூசைக்குப் போயிட்டா, வர நேரம் செல்லும். நீங்கள் அப்பா இருந்த வார்ட்டில நேர்ஸ். என்ர யூனித் தவணை முடியிற நேரம் பார்த்து அவர் அங்க வாறதை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டியள். கேக்க அந்தரமா இருந்தா நானே சொல்லுறன்.

ஆர்க்கிடெக்ச்சர் படிக்கிற எங்கட நேரம் மற்றப் பிள்ளையளின்ர நேரம் மாதிரி இல்லை. சோதினைக்குப் படிக்கிறவை ஒரு கட்டத்தில புத்தகத்தை மூடலாம். எங்கட வேலை முடியிறதே இல்லை. டியூட்டர் பிளானைப் பார்த்திட்டு, படிக்கட்டை மாத்திப் பாரும் எண்டுவா. படிக்கட்டை மாத்தினாக் கூரை பிழைக்கும். கூரையைத் திருத்தினா மொடலை உடைச்சுத் திரும்ப வெட்டோணும். வெட்டுற மெசினுக்கு எல்லாரும் ஒரே கிழமையில அடிபடுவினம்.

வீட்டில அப்பா. இருதயம் பழுதாப் போன பிறகு அவரைக் குளிக்க வார்க்கிறது, குளிசை குடுக்கிறது, வோக்கரோட நடத்திறது எல்லாம் நான்தான். அம்மா செவன் ஹில்ஸ் வெயர்ஹவுஸுக்கு வேலைக்குப் போகாட்டி வீடு ஓடாது. உதவிக்கு ஆள் அனுப்பவோ எண்டு ஆஸ்பத்திரியில கேட்டவை. பெத்த பிள்ளை இருக்கேக்க பிறத்தியாள் வந்து என்ர மனுசனைக் குளிக்க வார்க்கிறதோ எண்டு அம்மா மறுத்திட்டா. கோயில் சனம் என்ன கதைக்கும் எண்ட பயம் அவவுக்கு. நீங்களும் அண்டைக்கு இஞ்ச இருந்தனீங்கள், ஓம் எண்டு தலையாட்டினீங்கள். நான் குறையாச் சொல்லேல்லை.

முதல் தரம் நடந்தது சத்தியமாத் தவறுதான். போன வருசம் பிளானையும் மொடலையும் குடுத்து முடிக்கிற சப்மிஷன் கிழமை, கட்டாக் கருவாட்டில குழம்பு வை பிள்ளை எண்டு அப்பா கேட்டார். மன்னார் ஆள், அது இல்லாமல் நாக்குச் செத்துப்போச்சு எண்டு ஒரே புலம்பல். டொக்டர் உப்புக் கூடாது எண்டவர்தான். சுடுதண்ணியில ஊறப்போட்டு உப்பை எடுத்திட்டுக் கொஞ்சமாக் குடுக்கலாம் எண்டு நினைச்சன். ஊறப்போட நேரமில்லை. அப்பிடியே சட்டியில போட்டன். ரெண்டு மூண்டு நாளில கால் வீங்கி, நெஞ்சில தண்ணி சேர்ந்து, மூச்சு இழுக்கத் தொடங்கிட்டுது. ஆம்புலன்ஸ் வந்து கொண்டு போச்சு.

யூனியில கூட நாள் குடுத்து எக்ஸ்டென்ஷன் தந்தவை. ஆஸ்பத்திரியில அப்பாவை நீங்கள் எல்லாரும் பார்த்தியள். வீட்டில ஒரு சத்தமில்லை. படிக்கத் தொடங்கின நாளில இருந்து அப்பிடி ஆறுதலா நான் வேலை செய்ததே இல்லை, அன்ரி. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், சந்தோசமா இருந்தது. வீட்டில என்ன சமைச்சுக் குடுத்தனீங்கள் எண்டு டொக்டர் கேட்டார். மரக்கறி சூப் எண்டன்.

அடுத்த தவணை நேரமிருந்தும் நான் ஊறப்போடேல்லை. அதுக்கடுத்த தவணையும் அப்பிடித்தான். பென்டில் ஹில் தமிழ்க் கடையில கருவாடு வேண்டேக்க சனம் என்னைப் புகழும். இவ்வளவு படிப்புக்க தேப்பனுக்கு மினக்கெட்டுக் கறி வைக்கிற பிள்ளை, குடுத்து வைச்ச மனுசன் எண்டு. எப்ப கால் வீங்கும், எப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிடோணும் எண்டு எனக்கு நல்லா விளங்கியிருந்தது. பிந்த விட்டதே இல்லை. அவருக்கு ஒண்டும் நடந்திடக்கூடாது எண்டதில நான் சரியான கவனம்.

இந்த முறை டிசைனை முழுக்க மாத்தச் சொல்லிப்போட்டினம். குசினி நிலத்தில குந்தியிருந்து அழுதன். அப்பா வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நிண்டார்.

"எப்ப பிள்ளை குடுக்கோணும்?"

"வாற வெள்ளி, அப்பா."

வோக்கரை எனக்குக் கிட்டக் கொண்டுவந்து நிப்பாட்டினார். பிறகு, "அப்ப இண்டைக்குக் கருவாட்டுக் குழம்பு வையன். ஊறப்போட்டு மினக்கெடாதை" எண்டார்.

அவருக்கு எல்லாம் தெரியும் எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது. எவ்வளவு காலமாத் தெரியும் எண்டு நான் கேக்கேல்லை. அவர் திரும்பத் திரும்பப் போடச்சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். இந்த முறை நெஞ்சில தண்ணி கெதியாச் சேர்ந்திட்டுது. ஆம்புலன்ஸுக்குள்ளயே உயிர் போயிட்டுது.

யூனியில பாவம் பார்த்து நிறைய நாள் தந்திருக்கினம். மொடல் மேசையில அப்பிடியே கிடக்கு. நாள் முழுக்க முன்னால இருக்கிறன், ஒரு சுவர் ஒட்ட முடியேல்லை. இனி எனக்கு இது வராது, அன்ரி. எவ்வளவு நாள் தந்தாலும் வராது.

அப்பா கேட்டபடியாத்தான் வைச்சனான் எண்டு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறன். அவவும் நம்பி, கடைசி ஆசையை எண்டாலும் தீர்த்து வைச்சாய் எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. உங்களுக்கு அப்பிடிச் சொல்ல வாய் வரேல்லை. அவர் குசினிக்கு வரேக்க, நான் ஊறப்போடாமல் வைச்ச குழம்பு ஏற்கெனவே அடுப்பில கொதிச்சுக்கொண்டு இருந்தது. மணம் வீடு முழுக்க. அது மணக்காத ஆள் மாதிரி நிண்டுதான் அப்பா கேட்டவர்.