முப்பத்தோராவது பேர்

– வாசிப்புப் பரீட்சையில ஒரு பிள்ளைக்கு உங்க டேப்லெட் தொண்ணூத்தி நாலு மார்க்கு போட்டிருக்கு ரசீத் தம்பி. நேத்து பஸ்ஸுல நாங்குநேரின்னு எழுதியிருந்ததைக் காட்டுனேன். மொத எழுத்தே அந்தப் பிள்ளைக்குத் தெரியலை.

– டேப்லெட்டுல கோளாறு இல்ல பிரிஸில்லா டீச்சர். அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுதேன். பிள்ளை வாசிக்கதைக் கேக்கும். பாடத்துல உள்ள வார்த்தை எல்லாம் வருதான்னு பாக்கும். அம்புட்டுதான்.

– இதை உங்க கம்பெனி பயிற்சி வீடியோவுலயும் சொன்னாங்களாம். நான் அதை ஓட விட்டுட்டு மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன். சர்டிபிகேட் வந்துட்டு.

– யாரு பிள்ளை?

– ஸ்டெபி. மூணாங்கிளாஸ். சாயந்தரம் உக்கார வச்சு எழுத்து சொல்லிக் குடுத்தேன். இந்த மார்க்கைப் பாத்ததும் சாயந்தர வகுப்பு லிஸ்ட்டுல இருந்து அவ பேரை எடுத்துட்டாங்க. இனி அவளுக்கு யாரும் எழுத்து சொல்லித் தர மாட்டாங்க.

– நீங்க எதுத்துக் கேக்கலியா?

– முன்னால கேப்பேன். இப்ப ஒண்ணும் தோணலை.

– அவ வாசிச்ச குரல் டேப்லெட்டுக்குள்ளதான் இருக்கும். போடுதேன், கேளுங்க.

– நல்லாத்தான் வாசிக்கா.

– இந்த இடம். 'ஆமை ஆற்றுக்குப் போனது. பைய வாசிலே. அங்கே ஒரு கொக்கு நின்றது.'

– திருப்பிப் போடுங்க.

– 'பைய வாசிலே.' பாடத்துல இது கிடையாது. கூடுதலா வார வார்த்தையை மிஷின் தள்ளிரும்.

– அது நான் சொல்லுதது. எங்க கிளாஸ் பையன் பூதத்தான் அந்த எடத்துக்கு வந்ததும் வேகமா ஓடுவான், மெதுவா வாசிடான்னு அவனைப் பிடிச்சு நிறுத்துவேன். எப்பவும் சொல்லுவேன்.

– டேப்லெட் ஒண்ணுதானே?

– ஒண்ணுதான். ஒருத்தன் வாசிச்சா மத்தவங்க பெஞ்சுல இருந்து கேப்பாங்க.

– பாடமும் ஒண்ணுதான். ஸ்டெபி எத்தனாவதா வாசிச்சா?

– முப்பத்தோராவது. வருசம் பாதியில வந்து சேந்தவ. ரிஜிஸ்டர்ல கடைசிப் பேரு.

– அப்ப முப்பது தடவை கேட்டிருக்கா டீச்சர்.

– என் குரலையும் சேத்து.

– மறுபரீட்சை கேக்கலாம். கிளாஸ் முழுசுக்கும் சேத்து நீங்க எழுதிக் குடுக்கணும், புதுப் பாடம் அனுப்புவாங்க. ஆனா உங்க கிளாஸ் இப்ப நூத்துக்கு நூறு தேர்ச்சி. வெள்ளிக்கிழமை உங்களை மேடையில கூப்பிடப் போறாங்க. ஸ்டெபி விழுந்தா அது போயிரும்.

– போகட்டும். லிஸ்ட்டுல அவ பேரு திரும்ப வருமா?

– வரும். ஆனா புதுப் பாடத்தையும் முப்பது தடவை கேட்டுட்டா இதே மார்க்குதான் விழும்.

– கேக்க மாட்டா. அன்னைக்கு ரிஜிஸ்டரைக் கீழ இருந்து கூப்பிடுதேன். முதல்ல ஸ்டெபி.