ட்ரம்பெட்டுக்குக் கொடுத்த இடம்

காலையில் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். சுங்கைப் பட்டாணியில் என் வீட்டுக்கு எதிரே ரொட்டி சானாய் கடை திறக்கும் முன்பே பியானோவில் உட்கார்ந்துவிடுவேன்.

நான் எழுதியது சிம்பொனி இசைக்குழுவுக்கான படைப்பு. ஒவ்வொரு வாத்தியமும் தன் திறமையைக் காட்ட அதில் இடம் இருக்க வேண்டும். வயலின்களுக்கு வேகம் கொடுத்தேன், புல்லாங்குழல்களுக்கு இனிமை. ட்ரம்பெட்டுக்கு என்ன கொடுப்பது என்பதைத்தான் நிதானமாக யோசித்தேன்.

ட்ரம்பெட் வாசிப்பவன் மார்க்கஸ். சிடாம் கிரி ஊர்த் தேவாலயத்தில் சிறுவயதில் நானும் அவனும் ஒன்றாக இசை கற்றோம். என்னைவிட அவனைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு விருந்தில் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "சில்வெஸ்டர் எழுதுறது எல்லாம் அழகாத்தான் இருக்கும் லா. வீட்டுக்குப் போனா ஒன்னும் ஞாபகம் இருக்காது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அவனுக்கு நுரையீரலில் ஓட்டை விழுந்தது. மருத்துவமனைக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். மூச்சடக்கி ஊதினால் மறுபடியும் கிழியலாம், அடுத்த முறை பிழைப்பது கடினம் என்று டாக்டர் சொன்னதாக அவன் மனைவி ஏமி அழுதாள். எவ்வளவு நேரம் ஊதினால் ஆபத்து, எவ்வளவு உச்சமான சுரத்தில் ஆபத்து என்று அவளிடம் கனிவாகக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ட்ரம்பெட்டின் இடத்தை எழுதி முடித்தேன். உச்சத்தில் ஒரே சுரம். மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கும்வரை அது நிற்க வேண்டும். நடுவில் மூச்சு வாங்க முடியாது.

ஏமி வீட்டுக்கே வந்தாள். "அண்ணே, அந்த ஒரு இடத்த மட்டும் கொறச்சிடுங்கண்ணே. அவரு நான் சொன்னா கேக்க மாட்டாரு."

இசையில் அப்படியெல்லாம் குறைக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். பிறகு மார்க்கஸை அழைத்து, நீ சிரமப்பட வேண்டாம், கோலாலம்பூரிலிருந்து ட்ரம்பெட் வாசிக்கும் அட்ரியனை வரவழைக்கிறேன், அவன் இளைஞன் என்றேன். நான் எதிர்பார்த்த பதில்தான் வந்தது.

"என் இடத்துல அவனா? நானே ஊதுறேன் லா."

நான் கட்டாயப்படுத்தவில்லை.

அலோர்ஸ்டாரில் அரங்கேற்றம். குழுவை நான்தான் நடத்தினேன். அந்தச் சுரத்தை மார்க்கஸ் அருமையாகப் பிடித்தான். என் கை இறங்கினால்தான் அவன் நிறுத்தலாம். எழுதியிருந்ததைவிடச் சற்று அதிக நேரம் என் கை உயர்ந்தே இருந்தது. அவன் முகம் நிறம் மாறியதைப் பார்த்தேன். நாற்காலியோடு சரியும்போதும் அவன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதே படைப்பைப் பினாங்கில் வாசிக்கப்போகிறார்கள். அந்த நீண்ட சுரத்தை எடுத்துவிட்டேன். இசைக்கு அது தேவையில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். இப்போது ட்ரம்பெட்டுக்கு மெதுவான, இதமான ஒரு மெட்டு கொடுத்திருக்கிறேன். மார்க்கஸ் அதைச் சிரமமே இல்லாமல் வாசித்திருப்பான்.