கண்டிக்கோட்டையில் கூடுதலாக ஒரு நாள்

ஃபிலிம் கேமராவில் படம் எடுப்பவர்களுக்கு மேகம் போட்ட நாள் பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள், மேடம். எனக்குப் பிடிக்கும். நிழல் கறுத்துப்போகாது, பாறைகூட முகம் மாதிரி சாந்தமாக விழும். ராயபுரத்தில் இக்னேஷியஸ் என்று ஒருவர் இன்னும் வீட்டிலேயே ஃபிலிம் கழுவித் தருகிறார். என் படங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாத கை என்று சொன்னார். என்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னவற்றில் அதை மட்டும்தான் நான் நம்பினேன்.

விமலைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

விமல் என் தம்பி. விசைப்படகில் ஐஸ் ஏற்றும்போது வழுக்கி விழுந்து முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எண்ணூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் பில் போடுகிறேன். காலையில் அவனைத் துடைத்து, துணி மாற்றி, சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புவேன். எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா மீன் விற்றுவிட்டு வந்ததும் எட்டிப் பார்ப்பார். நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. அவன் முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட இருக்காது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அதையும் எழுதியிருப்பார்.

மல்லாந்தே கிடப்பவன் என்பதால் அவனுக்காக ஓர் உலக வரைபடத்தைக் கூரையில் ஒட்டியிருந்தேன். நாளெல்லாம் போனில் செய்தி கேட்பான். எந்தக் கால்வாயில் கப்பல் நிற்கிறது, எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது என்று நான் வேலை முடிந்து வந்ததும் ஒப்பிப்பான். கப்பலில் வேலைக்குப் போய் உலகம் சுற்ற வேண்டும் என்று நினைத்திருந்தவன். அதனால்தான் நான் பயணம் போக ஆரம்பித்தேன். அவன் போக முடியாத இடங்களை அவனுக்காகப் பார்த்து வர வேண்டும் என்று தோன்றியது. முதலில் பழவேற்காடு, காலையில் போய் மாலையில் வந்தேன். அப்புறம் மாமல்லபுரம். பிறகு ஒரு இரவு தங்குகிற மாதிரி ஊர்கள்.

கோயம்பேட்டிலோ சென்ட்ரலிலோ வண்டி நகர்ந்ததும் என் தோள்கள் தாமாக இறங்கும். அவை அதுவரை தூக்கிக்கொண்டே இருந்தன என்பது அப்போதுதான் தெரியும்.

ஆரம்பத்தில் சாவியைக் கன்னியம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். கொஞ்ச நாளில் அவருக்கு அது பிடிக்கவில்லை. தெருக்குழாயில் நாலு பேர் எதிரில் கேட்டார்.

"சனி ஞாயிறு ஆனா கேமராவ மாட்டிகினு கெளம்பிட்ற. அந்தப் புள்ள இன்னா ஃபோட்டோவா, செவுத்துல மாட்டி வச்சிட்டுப் போறதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவரிடம் சாவி கொடுக்கவில்லை. மாதவரத்தில் பெரியப்பா வீட்டுக்கு விமலையும் ஆட்டோவில் கூட்டிப் போவதாகச் சொல்லிவிடுவேன். எங்கள் தெருப் பெண்கள் விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் நான் வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினால் பார்ப்பதற்கு யாரும் இல்லை.

விமலுக்கு வேண்டியதையெல்லாம் கட்டிலிலேயே வைத்தேன். குழாய் போட்ட தண்ணீர் பாட்டில், பிரெட், வாழைப்பழம், மாற்றுத் துணி. சத்தம் மட்டும் போடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவன் ஒத்துக்கொண்டான். கட்டாயப்படுத்தவில்லை. நான் இல்லையென்றால் அவனை யார் பார்ப்பார்கள் என்று ஒருமுறை கேட்டேன், அவ்வளவுதான்.

கண்டிக்கோட்டை ஆந்திராவில் இருக்கிறது. கடப்பா வரை ரயில், அப்புறம் பேருந்து. பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு போகிற இடம். அங்கே போவதாகச் சொன்னதும் விமல் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கடப்பாவுல எவனும் ஏவுகணை வுடல. தைரியமா போய்ட்டு வா." கொஞ்சம் கழித்து, "போனையாவது வச்சிட்டுப் போக்கா. எவ்ளோ நேரம்தான் அதே ஆப்பிரிக்காவப் பாத்துகினு கெடக்குறது?"

அவன் போனை அவனிடமே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என்னுடையது பட்டன் போன், அதில் வழி பார்க்க முடியாது. வீட்டில் போன் அடித்தால் வெளியே கேட்கவும் செய்யும். வந்ததும் தருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். சன்னல்களைச் சாத்தினேன்.

சனிக்கிழமை கிளம்பினேன். ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவதாகத் திட்டம். ஞாயிறு காலை பள்ளத்தாக்கின் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது விமலின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஏதோ ஒரு நாட்டில் போர்நிறுத்தம் என்று ஒன்று, அதற்குக் கீழே எண்ணூரில் தொழிற்சாலை வாயுக்கசிவு, மக்கள் வெளியேற்றம் என்று இன்னொன்று. எங்கள் தெருவின் பெயர் அதில் இருந்தது.

கன்னியம்மா அக்காவின் எண் அந்தப் போனில் இருக்கிறது. எடுத்தேன். பெயர் திரையில் தெரிந்தது. பூட்டை உடையுங்கள், தம்பி உள்ளே இருக்கிறான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று யோசித்தேன். எத்தனை தடவை இப்படி என்று கேட்பார். தெருக்குழாயில் கேட்பார். செய்திக்காரர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள் என்றும் நினைத்தேன். திரை அணைந்துவிட்டது.

பிறகு அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"பிரியா, எங்க கீறீங்க? பெரியப்பா வூட்லதானே?"

"ஆமாக்கா. இங்கதான் கீறோம்."

"வந்துராதீங்க. கண்ணு எரியுது, மூச்சு வுட முடியல. கெழவன் கெழவியெல்லாம் மீன்பாடி வண்டில தூக்கிப் போட்டுகினு ஓடியாந்துட்டோம். ஒவ்வொரு வூடா தட்டிப் பாத்தோம். உங்க வூட்டாண்ட இன்னாவோ கொரல் கேட்டாமேரி இருந்துச்சு. நின்னேன். பூட்டு தொங்குது. நீதான் அவன இட்டுகினு போய்ட்டியேன்னு வந்துட்டேன்." இருமினார். "தம்பி நல்லா கீறானா?"

"தூங்குறான்க்கா."

"நல்ல வேளை இட்டுகினு போன. இல்லன்னா இன்னா ஆயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். நானும் சரி அக்கா, சரி அக்கா என்று சொன்னேன். அவருடைய குரலுக்குப் பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது. அவர்கள் தெருவுக்குத் திரும்பிப் போய்ப் பூட்டை உடைக்க அப்போதும் நேரம் இருந்திருக்கலாம். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

செவ்வாய் விடியற்காலை வந்தேன். தெரு ஆட்களை இன்னும் கல்யாண மண்டபத்தில்தான் வைத்திருந்தார்கள். பூட்டைத் திறந்தபோது கதவு முழுதாகத் திறக்கவில்லை. அவன் கதவுக்குப் பின்னால் கிடந்தான். கட்டிலிலிருந்து இறங்கி அவ்வளவு தூரம் வர அவனால் முடியும் என்று எனக்குத் தெரியாது. கைகள் பலமாகத்தான் இருந்திருக்கின்றன.

திங்கள் இரவே இரண்டு பேரும் வந்துவிட்டோம், வீட்டுக்குள் வாயு மிச்சம் இருந்திருக்கிறது, நான் மருந்து வாங்க வெளியே போயிருந்தேன் என்று உங்கள் போலீஸ்காரர்களிடம் சொன்னேன். தெருவே நம்பியது. தொழிற்சாலை வாசலில் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தப் படம் நான் எடுத்தது, மேகம் போட்ட ஒரு நாளில். நன்றாக வந்திருந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டான் என்று டாக்டர் எழுதாமல் இருந்திருந்தால் நீங்களும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

வீட்டில் எடுத்த பெட்டியைக் காட்டினீர்கள். கழுவாத ஃபிலிம் சுருள்கள். இதில் எதை உன் தம்பி பார்த்தான் என்று கேட்டீர்கள். கொஞ்ச காலமாக நான் எதையும் கழுவக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒருநாள் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அவனும் கேட்பதை விட்டுவிட்டான். ஆனால் நான் போனதெல்லாம் அவனுக்காகத்தான். அதை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

வெறுப்பா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவனிடம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

ஞாயிறு இரவு ரயிலுக்கு டிக்கெட் இருந்தும் ஏன் வரவில்லை என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அவனுக்கு வைத்த பிரெட் ஞாயிறு மதியம் வரைக்கும்தான் வரும் என்பதை நீங்கள் கணக்குப் போட்டுவிட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன். கன்னியம்மா அக்கா போனை வைத்த பிறகு அந்த விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். மாலையில் வெளிச்சம் மாற ஆரம்பித்தது. ஆறு வெள்ளியாகி, அப்புறம் செம்பாகி, பாறைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடப்பா பேருந்து வந்து, நின்று, போனது. விடுதியில் இன்னொரு நாளுக்குச் சொல்லிவிட்டு வந்து நன்றாகத் தூங்கினேன். மறுநாள் முழுவதும் கோட்டைக்குள் நடந்தேன். இத்தனை பயணங்களில் வீட்டு நினைப்பு இல்லாமல் நான் நடந்தது அன்று ஒரு நாள்தான், மேடம். யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.