ரத்தம் பொய் சொல்லாது

மூத்திரத்த மாத்தலாங்கக்கா, ரத்தத்த மாத்த முடியுமா? அதச் சொல்லுங்க மொதல்ல. இத்தினி படிச்ச டாக்டருக்கு இது வெளங்கல. "மூத்திரத்துல அபின் இல்லீங்கம்மா, அவரு சாப்புடறதில்ல"ங்கறாரு. எங்கூட்டுக்காரரு பதினோரு வருசம் போர்வெல் வண்டியில ராஜஸ்தான்ல கெடந்தவருங்க. அடுத்தவன் மூத்திரத்த டப்பாவுல புடிச்சுக் குடுக்கறதெல்லாம் அவருக்கு ஒரு வேலையா? ... அட, நல்லா உக்காருங்க. அந்தப் பை அவரோடதுதான், ஓரமா கெடக்கட்டும், அவரு உள்ள ரத்தம் குடுக்கப் போயிருக்காரு. ரெண்டு லுங்கி, ஒரு துண்டு, பல்லு வெளக்கற பிரஸ்ஸு. சேலத்துல ஒரு இல்லம் இருக்குதாம், உள்ள போட்டுப் பூட்டிருவாங்களாம். இன்னைக்கே அனுப்பிரலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

நீங்க யாருக்குக் கூட வந்தீங்க? ... தம்பிக்கா? அவருக்கும் இதேதானா? சரி சரி, கண்ணத் தொடைங்க. புதுசுல அப்பிடித்தான் இருக்கும். பஸ்ஸுல வந்த களைப்பு வேற. இந்தாங்க, பிளாஸ்க்குல கொள்ளு ரசம் கொண்டாந்திருக்கேன், அரை டம்ளரு குடிங்க. பரவால்ல குடிங்கங்கறேன். எனக்குப் புளி ஆவாது, நான் தொடறதில்ல. எம் பொண்ணு கனிமொழியும் ரசம்னாலே எந்திரிச்சிப் போயிரும். அவருக்குன்னுதான் வெக்கறது.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங்... ரத்தம். அங்க ராப்பகலா வண்டி ஓடுங்களாம். முதுகு வலிக்குதுன்னாருன்னு எவனோ ஒருத்தன் புளி உருண்டையாட்டம் கருப்பா ஒண்ணு குடுத்திருக்கான். அதுல ஆரம்பிச்சது. பொங்கலுக்கு வூட்டுக்கு வந்தாரு. கையில இருந்தது தீந்துபோச்சு. ரெண்டாம் நாளு மூக்கு ஒழுவுது, ஒடம்பு ஒதறுது, கக்கூசே கதின்னு கெடக்கறாரு. நான் ஏதோ வடநாட்டுக் காய்ச்சல்னு வேப்பெல அடிச்சிட்டிருந்தேங்க. அப்பறமா அவரே அழுதுகிட்டுச் சொன்னாரு.

இங்க கூட்டியாந்து ரத்தம் எடுத்தா... அக்கா, நான் எட்டாவதுதான் படிச்சேன். ஆனா இப்ப என்னக் கேளுங்க, பொட்டாசியம், கல்லீரல், சக்கர எல்லாம் ரேசன் கார்டு நம்பராட்டம் வாயில வரும். மொத ரிப்போர்ட்ல ஒண்ணுகூட நேரா இல்ல. உப்பு கொறஞ்சு கெடக்குது, கல்லீரல் ஏறிக் கெடக்குது. எல்லாத்துக்கும் மேல ஈயம். ஆமாங்க, ரத்தத்துல ஈயம்! அம்பத்தெட்டு. பத்து இருந்தாலே ஜாஸ்தியாம். அபின்ல எடை கூடறதுக்கு எவனோ காரீயத்த அரைச்சுக் கலக்கறானாம். அது ரத்தத்துல போயி ஒக்காந்துக்கிச்சுன்னு டாக்டரு சொன்னாரு.

சரி, நாக்குக்கு அடியில வெக்கற மாத்திர குடுத்தாங்க. ஒரு மாசம் போச்சு. ரெண்டாவது ரிப்போர்ட். உப்பு சரியாயிருச்சு, கல்லீரல் எறங்கிருச்சு, ஈயம் நாப்பத்தொண்ணு. டாக்டரு சிரிச்சாரு, இவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு கனிமொழிக்கும் சேத்து வறுத்த கடலை வாங்கிட்டுப் போனோம்.

மூணாவது ரிப்போர்ட்லதான் குட்டு ஒடஞ்சுது. எல்லாம் ஒழுங்கா இருக்குது, ஈயம் மட்டும் அறுவத்திரண்டு! எங்கிருந்துங்க வரும்? வயித்த முறுக்குதுங்கறாரு. மூணு நாளைக்கு ஒருக்காதான் வெளிக்குப் போறாரு. அபின் திங்கறப்ப அப்பிடித்தான் இருந்துச்சு, எனக்குத் தெரியாதா? டாக்டரு என்னமோ, "வூட்ல பெயிண்டு, பேட்டரி, பழைய பாத்திரம் ஏதாச்சும் இருக்குதாம்மா"ன்னு ஆரம்பிச்சாரு. எனக்குச் சுருக்குன்னு வந்திருச்சு. இவரு திங்கறதுக்கு எங்கூட்டுப் பாத்திரத்தக் கொற சொல்றதான்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

வூட்ட அலசிட்டேங்க. அரிசி டப்பா, ஓட்டு சந்து, செருப்புக்குள்ள, ஆட்டுக் கொட்டாயி... ஒண்ணும் ஆப்புடல. எங்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டா, புள்ள தலமேல கைய வெச்சு இல்லங்கறாரு. கனிமொழி அழுவுது. "அப்பா சொல்றது நெசம்மா"ங்குது. நெசமா இருந்தா ரத்தத்துல எப்பிடி வருதுன்னு கேட்டேன். நேத்து பையில துணிய வெச்சுக்கங்கன்னேன். வெச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் என்னக்கா கொற வெச்சேன்? ரத்தம் ஊறட்டும்னு பித்தளப் பாத்திரத்துல ரசம் வெச்சுக் குடுத்தேன். ரெண்டு வேளையும்! வயித்த முறுக்குதுன்னா இன்னும் ஒரு டம்ளரு சேத்தி. கொஞ்சம் இனிக்குதுங்கறாரு. புளி ரசம் எங்கயாவது இனிக்குமா? அபின் தின்ன நாக்கு, அதுக்கு என்ன தெரியும்னு இன்னும் ரவ புளியக் கரைச்சேன்.

அந்தப் பாத்திரத்துக்கு நான் பட்ட பாடு இருக்குதே! பரண்ல கெடந்தது, உள்ள பூச்செல்லாம் போயி பச்ச பூத்துக் கெடந்துச்சு. தெருவுல ஈயம் பூசறவரு வந்தாரு. வெள்ளீயம் தீந்துபோச்சு, அடுத்த வாரம் வரேங்கறாரு. அடுத்த வாரம் எவன் வருவான்? எங்கண்ணன் அணையில மீன் புடிச்ச காலத்து வலை ஒண்ணு கெடந்துச்சு. அதுல குண்டு குண்டாத் தொங்குதே, அத அறுத்துக் குடுத்து, இத உருக்கிப் பூசுங்கன்னேன். அதுக்கு நூறு நொட்ட சொன்னாரு! "இதுல சமைக்கக் கூடாதும்மா, வெந்நி காய வெக்கறதுன்னா பூசித் தரேன், வாயில படவே கூடாது"ன்னு. சரி சரி வெந்நிக்குத்தான்னு சொல்லிப் பூசிக்கிட்டேன். மறுக்கா ஒருக்கா பூசறதுக்கு வேல வேணுமில்ல அவருக்கு, அதான் அப்பிடிச் சொல்றாருன்னு...

ஏன் டம்ளர கீழ வெச்சுட்டீங்க? காரமா? ... என்னது? ... என்ன குண்டுன்னா, வலைக் குண்டுங்க. தண்ணியில முழுவறதுக்குக் கட்டுவாங்களே. காரீயம்.

...

ரெண்டாவது ரிப்போர்ட் வந்த மறுநாளுங்க பூசினது.

...

இல்லீங்க. ஒண்ணுமில்ல. அந்த பிளாஸ்க்கு மூடிய இப்பிடிக் குடுங்க. ... டாக்டரு கேட்டாரு. பாத்திரம்னு வாயத் தொறந்து கேட்டாருங்க அந்த மனுசன். நான்தான் எந்திரிச்சு வந்தேன். ஐயோ, புள்ள தலமேல கைய வெக்க வெச்சேனே...

பேசாதீங்க, அவரு வராரு. ஏனுங்க, கையில பஞ்ச அமுக்கிப் புடிங்க, ரத்தம் ஒழுவுது பாருங்க. ... ரசமா? ரசம் இல்லீங்க. ... இருக்குது, ஆனா இல்ல. கொட்டப் போறேன். ... கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. அந்தப் பைய எதுக்கு எடுக்கறீங்க? சேலம் பஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். பைய கீழ வைங்க. டாக்டருகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். நீங்களும் வாங்க, உங்க முன்னாடியே சொல்றேன். அக்கா, நீங்களே சொல்லுங்க இவருகிட்ட, நான் இவர எப்பிடிப் பாத்துக்கிட்டேன்னு...

அக்கா? எங்கீங்க போயிட்டீங்க? ... அங்க எதுக்குக்கா நிக்கறீங்க? அது ரத்தம் குடுக்கற வரிசைங்க. அரை டம்ளருதானேக்கா குடிச்சீங்க. இவரு ஒண்ணரை மாசமா ரெண்டு வேளையும் குடிச்சாரு. ஒரு நாளுகூட வேணாம்னு சொல்லலீங்க.