சொந்த வீட்டுக்கு மகமை

பிள்ளைகளே, இன்று சிவகாசி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தீப்பெட்டி வியாபாரியும் அவர் மனைவியும் பேசியதைக் கேட்டபடியே எழுதுகிறேன். பம்பாயில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு அவர் மறுநாள் முன்பணம் அனுப்ப வேண்டுமாம்.

“வீடு நம்மளுது. ஆனா வெளிச்சுவரு நம்மளுது இல்லையாம்.”

“அப்ப சுவரு யாருக்கு?”

“எல்லாருக்கும் பொது. மாடிப்படியும் மொட்டைமாடியும் பொது. அதுக்கு மாசாமாசம் பணம் கட்டணும்.”

“மொட்டைமாடியில வத்தல் காயப்போடலாமா?”

“கூடாதாம்.”

“சொந்த வீட்டுக்கு வாடகையா? நல்லா ஏமாந்தீக!”

“வாடகை இல்ல புள்ள. ஊர்ப் பொதுக்காரியத்துக்கு நம்ம கடையில மகமை எடுத்து வைக்கோம்ல, அது மாதிரி.”

“மகமை குடுக்கதால ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சுக் கணக்குக் கேக்கீக. அங்கன உங்களைக் கேக்க விடுவாகளா?”



“அதத்தான் நான் கேக்கல.”

“அப்ப கேட்டுட்டுப் பணத்த அனுப்புங்க.”

எனக்கும் பாதிதான் விளங்கியது. வீட்டுக்கு வந்ததும், நம் வளவில் எல்லாக் குடும்பமும் புழங்கும் கிணற்றில், யாரும் மாற்றாமல் இற்றுப்போயிருந்த கயிற்றைத் தனியாக நின்று மாற்றினேன்.