வாரேனுங்க

எனக்குக் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. கெட்ட பழக்கம் என்றால் அது ஒன்றுதான். வேலைக்கு இருப்பவர்களைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன்.

துடியலூரில் என் மில்லை ஒட்டி சொர்க்கபுரி என்று ஒரு குடியிருப்பு கட்டினேன். வாடகை கிடையாது, மூன்று வேளையும் சோறு, வீட்டுக்கு வீடு ஃபேன். எல்லாம் உள்ளேயே இருக்கும்போது வெளியே என்ன வேலை? அதனால் கேட்டைப் பூட்டினேன். அதைப் போய் ஜெயில் என்கிறார்கள். வயிறு எரிகிறது.

தாராளமயம் வந்த புதிது. சீனத்து வானுலக ராஜா தன் மகளை என்னிடம் ஒப்பந்தத்துக்கு அனுப்பினார். மேகத்தையே துணியாக நெய்பவள். மாடு மேய்ப்பவனைக் கட்டிக்கொண்டாள் என்று இருவருக்கும் நடுவே வான ஆற்றை ஓடவிட்ட தகப்பன் அவர். வருஷத்தில் ஒரே ஒரு நாள் வால்காக்கைகள் கூடி அந்த ஆற்றுக்குப் பாலமாக நிற்கும். புருஷனையும் பிள்ளைகளையும் அன்றைக்கு மட்டும் பார்க்கலாம். அந்த லீவுக்கு நானும் சம்மதித்திருந்தேன்.

அந்த லீவு நாளன்று காலை அந்த அம்மணி என் அறைக்கு வந்தாள். கையில் அவளே நெய்த இரண்டு சின்னச் சட்டைகள். “வாரேனுங்க” என்றாள்.

வருகிறேன் என்பவள் எப்படிப் போகலாம்? ஜெர்மனிக்குச் சரக்கு நிற்கிறது. தறிக்குத் திரும்பச் சொன்னேன்.

அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த தறிக்காரி மாசாணியம்மாள் குறுக்கே வந்தாள். “போறேன்னு சொல்லக் கூடாதுன்னு நாந்தானுங்க சொல்லிக்குடுத்தேன். உங்க ஊட்டுலயும் வாரேன்னு சொல்லிப்போட்டுத்தானுங்களே கெளம்புவீங்க?”

என் சோற்றைத் தின்றுவிட்டு எனக்கே தமிழ் சொல்லித்தருகிறாள். அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்தினேன்.

ஆனாலும் பறவைகள் வந்தன. பாலத்தின் இந்த முனை மில்லின் மொட்டைமாடியில் இறங்கியது. கம்புத் தானியத்தில் பூச்சிமருந்தைக் கலந்து இறைத்தேன். பறவைகளுக்காகத்தான் இறைத்தேன். பாலத்தின் நடுவே அவன் வந்துகொண்டிருந்ததையும் பார்த்தேன். தோளில் காவடி, இரண்டு பக்கமும் கூடை, கூடைக்கொரு பிள்ளை. மூத்தது என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நான் கம்பை இறைத்துக்கொண்டிருந்தேன். பறவைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

இப்போது அவள் லீவே கேட்பதில்லை. நெய்வதெல்லாம் ஈரமாக இருக்கிறதென்று ஜெர்மனிக்காரன்தான் திருப்பி அனுப்புகிறான். எத்தனை செய்தும் நன்றி கிடையாது.

மூன்று பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மரியாதை தவறினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உடல்களை அவள் தறி முன்னால் கொண்டுவந்து கிடத்தியபோதுகூட, “பாருங்க அம்மணி, அவங்களே வந்துட்டாங்க” என்றுதான் சொன்னேன்.