கடைசிப் படி

படியில் தடுமாறியபோதும் சிரித்த முகத்தோடு வந்து தலைமையேற்றிருக்கும் பொறியாளர் பாண்டிதுரை அவர்களே! ஆலங்குளத்திலிருந்து அரைநாள் விடுப்பெடுத்து வந்த பெரியோர்களே! பிள்ளைகள் கற்ற தொழில் என்னவென்று பார்க்கப் பேருந்தேறி வந்த தாய்மார்களே! கம்ப்யூட்டரில் கோடு போட்டே கூரை வேய்ந்து, மவுஸ் நகர்த்தியே மாடி எழுப்பும் இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கேட் (CAD) வரைவாளர் குழுவின் தோழர்களே! ஆனந்தவல்லியின் அன்பு வணக்கம்.

இந்த ஆண்டு மாதாமாதம் எதைப் பற்றிப் பேசுவது? அந்தத் தலைப்புப் பட்டியலை வாசிக்கத்தான் என்னை மேடையேற்றினீர்கள். இதோ, கையில் இருக்கிறது. முப்பரிமாணம் கேட்டவர் உண்டு. செயற்கை நுண்ணறிவு கேட்டவர் உண்டு. சாப்பாட்டுக்கு முன் கூட்டத்தை முடியுங்கள் என்று எழுதியவரும் உண்டு. சிரிக்காதீர்கள் ஹரிகிருஷ்ணன், உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும்!

ஆனால் இதை நான் வாசிக்கப்போவதில்லை. ஏன்?

தலைப்புத் தேர்வுக்காக ஆளுக்கொரு வீட்டு வரைபடம் கேட்டேன். என்னுடையதோடு சேர்த்துப் பதினொன்று. முந்தாநாள் வரிசையாகத் திறந்தேன். முதல் வீட்டு மாடிப்படி, எங்கேயோ பார்த்த படி. இரண்டாவதிலும் அதே படி. மூன்றாவதிலும் அதே படி! பதினொரு வீடு, பதினொரு பெயர். படி மட்டும் ஒன்று! அளந்தேன். அதிர்ந்தேன். கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டங்குலம் உயரம். பதினொன்றிலும் அதே இரண்டங்குலம்!

"எந்தப் பய போட்டது?" என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். நான் போட்டது ஐயா! பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேல்தள உயரத்தில் பிசகி நான் வரைந்த படி. கேட்டவருக்கெல்லாம் பென் டிரைவில் கொடுத்தேன். நீங்கள் அடுத்தவருக்குக் கொடுத்தீர்கள். வெட்டினோம், ஒட்டினோம், கட்டினோம். ஒருவராவது அளந்தோமா?

என் வரைபடத்தில் அண்மையில் கட்டியது கான்சாபுரத்துச் சுடலைமாடத்தி அக்கா வீடு. பால் காய்ச்சிய அன்றே கடைசிப் படியில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். நேற்று போய்ப் பார்த்தேன். "வீட்டுல ஒரு கொறையும் இல்ல தாயி, நாந்தான் பாத்துக் கால வச்சிருக்கணும்" என்றார். பிழை என்னுடையது, பழியை அவர் சுமக்கிறார்! பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். பொறவு கேட்டார்: "இன்னும் எம்புட்டு வீட்டுல இந்தப் படி இருக்கு?"

பதில் உங்களிடம் இருக்கிறதா?

மாரிசெல்வம், உங்கள் கட்டடத்தில் நாளைக்குப் படிக் கான்கிரீட் அல்லவா? என்ன, காதில் போனா? "கொத்தனார்ட்ட சொல்லிட்டேன்க்கா, நிப்பாட்டியாச்சு!" நன்றி தம்பி. கைதட்டாதீர்கள்! தப்பியது ஒன்று. மற்றவை?

ஆகவே இந்தப் பட்டியலைக் கிழிக்கிறேன். இந்த ஆண்டு ஒரே தலைப்பு: நாம் வரைந்த படிகளை நாமே போய் அளப்பது. டேப்போடு வாசல் வாசலாகப் போவோம். தப்பு எங்களுடையது என்று சொல்வோம். திருத்திக் கொடுப்போம். முதல் வாசல் கான்சாபுரம். முதல் ஆள் நான்.

இன்னும் ஒன்று. தலைவர் ஏறி வருகையில் தடுமாறியபோது நீங்களெல்லாம் சிரித்தீர்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் இந்த மேடையின் அந்தக் கடைசிப் படியை அளந்தேன். மற்றவற்றைவிட அதே இரண்டங்குலம் உயரம்!

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் படியில் பார்த்துக் கால் வையுங்கள். வணக்கம்.